நான்கு வகை மீனுக்கு முந்நூறு பைட்டா? சிறிய ஹாஷ் அட்டவணைகளுக்கான மாற்று வழிகள்

திருகோணமலை மாவட்டத்தின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்காக மீன்பிடிப் பதிவு மென்பொருள் ஒன்றை எழுதும் சிறு குழுவொன்று எடுக்க வேண்டிய ஒரு முடிவை இக்கட்டுரை ஆராய்கிறது. கொட்பேயிலோ குச்சவெளியிலோ புல்மோட்டையிலோ ஒரு படகு கரைசேரும்போது அதற்கென ஒரு பதிவு உருவாகிறது. அந்தப் பதிவுக்குள், எந்த வகை மீன் எத்தனை கிராம் என்று சொல்லும் சிறிய அட்டவணை ஒன்று இருக்கிறது. சூரை, பாரை, அறக்குளா, விளைமீன் என நான்கு வகை இருந்தால் அட்டவணையில் நான்கு சோடிகள் இருக்கும்: மீன் வகை சாவி, எடை அதன் பெறுமானம். ஜாவா மொழியில் எழுதுபவர் எவரும் இதற்கு யோசனையின்றி ஹாஷ்மேப்பையே, அதாவது அம்மொழியின் ஹாஷ் அட்டவணையையே, எடுப்பார். பதிவுகள் சில ஆயிரமாக இருக்கும்வரை அதில் குறை சொல்லவும் எதுவுமில்லை. பல ஆண்டுகளின் பதிவுகள் சேர்ந்து பத்து இலட்சம் ஆகின்றன என்றும், மென்பொருள் ஓடும் வாடகைச் சேவையகத்தில் ஒரு கிகாபைட் நினைவகமே உள்ளது என்றும், அறிக்கைகள் விரைவாக வரவேண்டுமென்பதற்காக எல்லாப் பதிவுகளும் நினைவகத்திலேயே வைக்கப்படுகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். அப்போதுதான் இந்தச் சிறிய அட்டவணைகள் பெரிய கேள்வியாகின்றன.

ஹாஷ் அட்டவணை சாவியிலிருந்து ஹாஷ் எண் ஒன்றைக் கணக்கிட்டு, சோடியை எந்த அறையில் வைப்பது என்பதை அதைக்கொண்டு தீர்மானிக்கிறது. அதில் நினைவகம் வீணாவதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் காலி அறைகளைச் சுற்றியே நடக்கிறது. பெரிய அட்டவணைகளுக்கு அது சரி. சிறிய அட்டவணைகளில் வீணாவது வேறிடத்தில் என்பதும், ஆகவே பெரிய அட்டவணைகளுக்கெனக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வுகளுள் பெரும்பாலானவை இங்கே உதவமாட்டா என்பதும் என் முடிவு. அதைக் கணக்கிட்டே காட்டிவிடலாம்.

இடம் எங்கே போகிறது

ஜாவா நிரல்களை இயக்கும் 64 பிட் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம்மில், சுட்டுகள் (ஆப்ஜெக்ட் இருக்கும் நினைவக முகவரிகள்) 4 பைட்டாகச் சுருக்கப்பட்ட வழக்கமான அமைப்பில், ஒவ்வோர் ஆப்ஜெக்ட்டும் 12 பைட் தலைப்பகுதியோடு தொடங்கி, மொத்த அளவு 8இன் மடங்காக மேல்நோக்கிச் சரிசெய்யப்படுகிறது. ஹாஷ்மேப் ஆப்ஜெக்ட்டுக்கு 48 பைட். அதன் உள்ளே இருக்கும் அணி (அறைகளின் தொடர்) முதற்சோடி நுழையும்போது 16 அறைகளோடு உருவாக்கப்படுகிறது. தலைப்பகுதியும் நீளமும் 16 பைட், அறைகள் 64 பைட், ஆக 80. ஒவ்வொரு சோடிக்கும் ஹாஷ் எண், சாவி, பெறுமானம், அடுத்த கணுவுக்கான சுட்டு ஆகியவற்றைத் தாங்கும் தனிக் கணு ஒன்று 32 பைட்டில் உருவாகிறது, நான்குக்கு 128. இதுவரை 256 பைட். எடை கிராமில் இருப்பதால் அது இன்டிஜர் ஆப்ஜெக்ட்டாகப் பொதியப்பட வேண்டும். ஜாவா முன்கூட்டியே பகிர்ந்து வைத்திருப்பது இயல்பாக −128 முதல் 127 வரையான எண்களை மட்டுமே என்பதால், நம் எடைகள் அநேகமாக எல்லாமே தலா 16 பைட் கேட்கும். அது 64. பதிவிலிருந்து அட்டவணையை நோக்கும் சுட்டையும் சேர்த்தால் 324 பைட் ஆகிறது.

அதில் உண்மையான செய்தி எவ்வளவு? மீன் வகைக்கு ஒரு பைட், எடைக்கு நான்கு பைட் என்று எடுத்தால் நான்கு சோடிகளுக்கும் சேர்த்து 20 பைட். காலியாகக் கிடக்கும் 12 அறைகள் எடுத்துக்கொள்வது 48 பைட், அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ ஏழிலொரு பங்கு. மிச்சமெல்லாம் தலைப்பகுதிகளும் சுட்டுகளும் பொதிகளும்தான். பத்து இலட்சம் பதிவுகளுக்கு இது 324 மெகாபைட். அதைவிடக் கவலைக்குரியது, பதிவொன்றுக்குப் பத்து வீதம் ஒரு கோடி ஆப்ஜெக்ட்டுகள் உயிரோடிருப்பதும், பயனற்ற நினைவகத்தை மீட்கும் கார்பேஜ் கலெக்டர் முழுச் சுற்று வரும்போதெல்லாம் அத்தனையையும் தொட்டுப் பார்க்க வேண்டியிருப்பதும்.

சராசரி நான்கு என்பது மட்டும் போதாது. அளவுகள் எப்படிப் பரவியுள்ளன என்பதே தேர்வைத் தீர்மானிக்கும். கிழக்குக் கரையில் வடகீழ்ப் பருவக்காற்றின் மாரி காலத்தில் கடல் கொந்தளிப்பாக இருக்கும். அப்போது தொழிலுக்குப் போகாத நாள்களும், போயும் வெறுங்கையோடு திரும்பிய படகுகளும் பதிவேட்டில் காலி அட்டவணைகளாக நிற்கும். ஜாவா 8 முதல் காலி ஹாஷ்மேப்புக்கு உள் அணி ஒதுக்கப்படுவதில்லை என்றாலும் 48 பைட் செலவு உண்டு. ஒரே சோடி நுழைந்ததும் அது 160 ஆகிவிடுகிறது, பொதியப்பட்ட எடை தனி. மறுபுறம், கரைவலை இழுக்கும்போது ஒரே வலையில் பல வகைகள் கலந்து வரும். அதன் அட்டவணையில் 18 சோடிகள் இருந்தால் உள் அணி 32 அறைகளுக்கு வளர்ந்து, எடைகளோடு சேர்த்து 1,056 பைட் ஆகிறது. ஆக, பூச்சியமும் ஒன்றும் நிறைய, மூன்று முதல் ஆறு வரை மிக நிறைய, பன்னிரண்டுக்கு மேல் கொஞ்சம் என்ற வடிவமே நமக்கு முன் இருப்பது. தேர்ந்தெடுக்கும் வழி இந்த மூன்று பகுதிகளிலும் தடுமாறாமல் இருக்க வேண்டும்.

பெரிய அட்டவணைக்கான மருந்துகள்

முதலில் எவருக்கும் தோன்றுவது தொடக்கக் கொள்ளளவைக் குறைப்பது. இதில் ஒரு பொறி உண்டு. கொள்ளளவு 4 என்று கொடுத்து நான்கு சோடிகளை இட்டால், இயல்பான நிரம்பல் விகிதம் (அறைகளில் எத்தனை பங்குக்கு மேல் நிரம்பினால் விரிய வேண்டும் என்பது) 0.75 என்பதால் நான்காவது சோடி நுழையும்போதே அட்டவணை 8 அறைகளுக்கு விரிந்துவிடும். எத்தனை சோடிகள் வரும் என்று சொன்னால் தானே கணக்கிட்டுக்கொள்ளும் நியூஹாஷ்மேப் என்ற செயற்கூறு ஜாவா 19இல் இதற்காகவே சேர்க்கப்பட்டது. அப்படி 8 அறைகள் வைத்தால் 256 பைட் 224 ஆகிறது. நிரம்பல் விகிதத்தை 1 என்றே கொடுத்து 4 அறைகளில் நிறுத்தினால் 208. ஒரு வரி மாற்றத்துக்கு ஐந்திலொரு பங்குக்குச் சற்றுக் குறைந்த மிச்சம் மோசமில்லை, ஆனால் நம் சிக்கலை அது தீர்க்கவில்லை.

ஜாவாவின் ஜேடிகே 25ஆம் பதிப்பில் முழுமையான வசதியாகிவிட்ட, ஆனால் நாமே இயக்க வேண்டிய, சுருக்கிய ஆப்ஜெக்ட் தலைப்பகுதி இன்னொரு எளிய வழி. தலைப்பகுதி 12இலிருந்து 8 பைட்டாகக் குறைவதால் கணு 32இலிருந்து 24 ஆகவும், ஹாஷ்மேப் 48இலிருந்து 40 ஆகவும் இறங்கி, 256 என்பது 216 ஆகிறது. நிரலில் ஓர் எழுத்தையும் மாற்றாமல் கிடைப்பதால் வேறு எந்த வழியைத் தேர்ந்தாலும் இதையும் சேர்த்துச் சோதித்துப் பார்க்கலாம்.

அடுத்து, காலி அறைகளைக் குறைக்கும் புகழ்பெற்ற வழிமுறைகள். மோதல் வந்தால், அதாவது இரண்டு சாவிகளுக்கு ஒரே அறை வந்தால், அடுத்தடுத்த அறையைப் பார்க்கும் எளிய முறையில், அட்டவணை பாதி நிரம்பியிருக்கும்போது இல்லாத சாவியொன்றைத் தேடச் சராசரியாக 2.5 அறைகளையும், பத்தில் ஒன்பது பங்கு நிரம்பியிருக்கும்போது 50.5 அறைகளையும் பார்க்க வேண்டும் என்பது டொனால்ட் நூத் 1963இல் செய்த பகுப்பாய்விலிருந்து வரும் கணக்கு. அந்தச் செங்குத்தான ஏற்றத்தைச் சமாளிக்கவே 1986இல் பெட்ரோ செலிஸ் ராபின் ஹூட் முறையை எழுதினார். 2001இல் ராஸ்மஸ் பாக்கும் ஃபிளெமிங் ரோட்லரும் குயில் முறையை முன்வைத்தார்கள். 2017இல் கூகுள் பொறியாளர்கள் ஸ்விஸ் டேபிளை அறிமுகப்படுத்தினார்கள், அது அறையொன்றுக்கு ஒரு பைட் கட்டுப்பாட்டுக் குறியோடு எட்டில் ஏழு பங்கு வரை நிரம்ப இடம் தருகிறது. எல்லாமே அருமையான வேலைகள். ஆனால் எட்டு அறைகளே உள்ள அட்டவணையில் மிக மோசமான தேடலும் எட்டு அறைகளைத் தாண்ட முடியாது, 50.5 என்ற எண்ணுக்கு அங்கே அர்த்தமே இல்லை. இன்னும் சொன்னால், சில வேளைகளில் இவை சிறிய அளவில் கூடுதல் சுமையாகின்றன: ரஸ்ட் மொழி 1.36ஆம் பதிப்பிலிருந்து ஸ்விஸ் டேபிள் வழியில் அமைந்த ஹாஷ்மேப்பைப் பயன்படுத்துகிறது; 8 பைட் சோடிகள் நான்கை அதில் இட்டால் 8 அறைகளுக்கு 64, கட்டுப்பாட்டுக் குறிகளுக்கு 24, அட்டவணையின் தலைக்கு 48 என 136 பைட் வரும். ஜாவாவின் 324ஐ விட இது எவ்வளவோ மேல் என்றாலும், அந்த மேன்மை வந்தது கணுக்களும் பொதிகளும் இல்லாததால்தான்.

மற்றவர்கள் செய்தது

மொழிகளையும் தரவுத்தளங்களையும் கட்டுபவர்கள் இதே சிக்கலை எதிர்கொண்டு கண்ட விடைகள் நமக்குக் கணிசமாக உதவும். பைத்தான் மொழியின் ஹாஷ் அட்டவணையான டிக்ட்டின் பழைய அமைப்பில் அறையொன்று ஹாஷ் எண், சாவி, பெறுமானம் என 24 பைட். மிகச் சிறிய அட்டவணைக்கு 8 அறைகள், 192 பைட். அவற்றில் ஐந்துக்கு மேல் நிரப்பப்படுவதில்லை. 2012 டிசம்பரில் ரேமண்ட் ஹெட்டிங்கர் முன்வைத்த யோசனை எளிமையானது: 24 பைட் சோடிகளைக் காலியிடமின்றி வரிசையாக ஓர் அணியில் வைத்துவிட்டு, தேடலுக்கான எட்டு அறைகளில் அந்த அணியின் வரிசை எண்ணை மட்டும், அதுவும் ஒரே பைட்டில், வைப்பது. காலி அறையின் விலை 24 பைட்டிலிருந்து ஒரு பைட்டாக இறங்குகிறது. 192 பைட் 128 ஆகிறது. பைத்தான் நிரல்களை இயக்கும் மாற்று மென்பொருளான பைபை முதலில் இதை நடைமுறைப்படுத்தியது. இனாடா நவோக்கியின் உழைப்பால் 2016இல் பைத்தான் 3.6இல் வந்தது, சோடிகள் நுழைந்த வரிசையிலேயே திரும்ப வரும் என்ற உறுதிமொழி 3.7இல் சேர்ந்தது. இருந்தும் பைத்தான் 3.12இல் எழுத்துச் சாவிகள் நான்கு கொண்ட டிக்ட் 184 பைட்டும், அதே நான்கு பெறுமானங்களைத் தாங்கும் டியூப்பிள் (சாவிகளற்ற மாறா வரிசை) 72 பைட்டும் எடுக்கின்றன. அட்டவணையை எவ்வளவு செம்மைப்படுத்தினாலும் அட்டவணையே இல்லாத வடிவத்தை அது எட்டுவதில்லை.

பைத்தான் செய்த இன்னொன்று நமக்கு இன்னும் நெருக்கமானது. 2012இல் வெளியான 3.3ஆம் பதிப்பில், மார்க் ஷானனின் முன்மொழிவின்படி, ஒரே வகுப்பைச் சேர்ந்த ஆப்ஜெக்ட்டுகள் தம் சாவிகளைப் பொதுவில் ஒரே இடத்தில் வைத்துக்கொண்டு பெறுமானங்களை மட்டும் தனித்தனியே வைத்திருக்கத் தொடங்கின. சாவிகள் எல்லா அட்டவணைகளிலும் திரும்பத் திரும்ப வருமென்றால் அவற்றை ஏன் பத்து இலட்சம் முறை சேமிக்க வேண்டும் என்ற கேள்வியே அதன் அடிப்படை. நம் மீன் வகைகளுக்கும் அதே கேள்வி பொருந்தும், ஆனால் ஒவ்வொரு படகிலும் ஒரே வகைகள் வருவதில்லை என்பதால் அப்படியே எடுத்தாள முடியாது.

ரூபி மொழியில் 2.6ஆம் பதிப்பு முதல் எட்டு சோடிகள் வரையான அட்டவணைகள் வெறும் அணியாகவே இருந்து வரிசையாகத் தேடப்படுகின்றன. 2025 பெப்ரவரியில் வந்த கோ மொழியின் 1.24ஆம் பதிப்பிலும் எட்டு வரை ஒரே குழுவுக்குள் அடங்கிவிடுகிறது. வெவ்வேறு குழுக்கள் எட்டு என்ற எண்ணிலேயே வந்து நிற்பதைத் தற்செயல் என்று சொல்வதற்கில்லை: அந்த அளவு வரை ஹாஷ் எண்ணைக் கணக்கிடும் செலவே எல்லாச் சாவிகளையும் பார்த்துவிடும் செலவோடு போட்டி போடுகிறது. நினைவகத்திலேயே தரவை வைக்கும் தரவுத்தளமான ரெடிஸ் இன்னும் துணிச்சலானது. அதன் பழைய பதிப்புகளின் இயல்பு அமைப்பில் 512 சோடிகள் வரை, ஒவ்வொன்றும் 64 பைட்டுக்குள் இருந்தால், சுட்டுகளே இல்லாத தொடர்ச்சியான பைட் வரிசையாகவே அட்டவணை வைக்கப்பட்டது. இதைப் பயன்படுத்தி 2011இல் இன்ஸ்டகிராம் பொறியாளர்கள், முப்பது கோடிப் படங்களின் எண்களைத் தனித்தனிச் சாவிகளாக வைக்காமல், அந்த எல்லையை உயர்த்தி, ஆயிரம் ஆயிரமாகச் சிறிய அட்டவணைகளில் அடுக்கி, 21 கிகாபைட் தேவைப்பட்டிருக்கும் தரவை ஐந்து கிகாபைட்டுக்குள் கொண்டுவந்ததாக எழுதினார்கள். வலையமைப்பு வழியே கேள்வி வந்து பதில் போகும் நேரத்தோடு ஒப்பிட்டால் உள்ளே நடக்கும் நேர்வரிசைத் தேடல் சிறிது என்பதால் அவர்களுக்கு அவ்வளவு பெரிய எல்லை கட்டுப்படியானது. அந்த எண்ணை நாம் கடன்வாங்கக் கூடாது.

நமக்குப் பொருந்தக்கூடியவை

ஜாவாவுக்குள்ளேயே கிடைக்கும் முதல் மாற்று, 2017இல் ஜாவா 9இல் வந்த மாறா அட்டவணைகள். நான்கு சோடிகளை மேப்.காப்பிஆஃப் வழியாக உறையவைத்தால், கணுக்கள் இல்லாமல், சாவியும் பெறுமானமும் அடுத்தடுத்து அமரும் 16 அறை அணி ஒன்று மட்டும் மிஞ்சும். 80 பைட் அணிக்கு, 32 பைட் மேலுள்ள ஆப்ஜெக்ட்டுக்கு, ஆக 112. பொதியப்பட்ட எடைகளோடு 176. இதன் பெரிய கவர்ச்சி, இப்போதுள்ள நிரலின் மற்றப் பகுதிகள் மேப் என்ற இடைமுகத்தை மட்டுமே அறிந்திருந்தால் அவற்றைத் தொடவே வேண்டியதில்லை என்பது. சோடிகளின் வரிசை ஒவ்வொரு முறை மென்பொருள் தொடங்கும்போதும் மாறக்கூடும் என்பதையும், வெற்றுச் சாவியும் வெற்றுப் பெறுமானமும் மறுக்கப்படும் என்பதையும் மட்டும் கவனிக்க வேண்டும். அறிக்கையில் மீன்கள் நேற்று ஒரு வரிசையிலும் இன்று வேறு வரிசையிலும் வந்தால் சங்கத்தின் கணக்காளர் கேள்வி கேட்பார். ஆகவே அச்சிடுமுன் வரிசைப்படுத்துவது கட்டாயமாகிறது. அரை நாளில் முடித்துப் பாதி நினைவகத்தை மீட்க வேண்டுமென்றால் இதுவே வழி.

மீன் வகைகளை ஈனம் (முன்கூட்டியே வரையறுத்த பெயர்களின் பட்டியல்) ஆக்கி, அதற்கான அட்டவணையான ஈனம்மேப்பைப் பயன்படுத்தலாமே என்று சிலர் சொல்லக்கூடும். அது ஒவ்வோர் அட்டவணையிலும் எல்லா வகைகளுக்கும் அறை ஒதுக்குகிறது. நாற்பது வகைகள் இருந்தால் நான்கைச் சேமிக்க 216 பைட்டும் எடைகளும் போகும். அடர்த்தியான அட்டவணைக்கு உரியது அது, நமக்கல்ல.

இரண்டாவது மாற்று, எல்லாவற்றையும் ஒரே பெரிய அட்டவணையில் போட்டுவிடுவது: பதிவு எண்ணையும் மீன் எண்ணையும் இணைத்து 8 பைட் சாவியாக்கி, 4 பைட் எடையோடு, அடிப்படை எண் வகைகளின் அணிகளில் வைப்பது. நாற்பது இலட்சம் சோடிகள் 41,94,304 அறைகளில் இருந்தால் அட்டவணை 95 விழுக்காடு நிரம்பிவிடும், அது மேலே சொன்ன ஏற்றத்தின் உச்சி. எனவே இரட்டிப்பாக்கி 83,88,608 அறைகளுக்குப் போனால் 100 மெகாபைட். விரிவடையும் வேளையில் பழைய அணியும் புதியதும் ஒன்றாக இருப்பதால் சற்று நேரத்துக்கு 150. இரண்டின் அடுக்குகளை விட்டு ஐம்பது இலட்சம் அறைகள் என்று வைத்தால் 60 மெகாபைட்டில் அடக்கலாம். எண்கள் பரவாயில்லை. ஆனால் ஒரு பதிவின் எல்லா மீன்களையும் வரிசையாகக் கேட்பதுதான் அறிக்கைகளில் நிகழும் வேலை, அந்த ஒன்றை இந்த வடிவம் செய்ய மறுக்கிறது. ஒவ்வொரு வகையாக நாற்பது முறை கேட்க வேண்டும். பெரிய அட்டவணையைச் சிறியவையாக உடைத்து இன்ஸ்டகிராம் பெற்ற பயனை நாம் எதிர்த்திசையில் நடந்து இழக்க வேண்டியதில்லை.

மூன்றாவது மாற்று, அட்டவணையையே விட்டுவிட்டு, ஒவ்வொரு சோடியையும் ஒரே இன்ட்டுக்குள், அதாவது 32 பிட் முழு எண்ணுக்குள், அடைப்பது. மேல் 8 பிட்டில் மீன் எண், கீழ் 24 பிட்டில் கிராம். நான்கு சோடிகளுக்கு 16 பைட் தரவும் 16 பைட் அணித் தலையும் சேர்ந்து 32 பைட். பதிவிலிருந்து வரும் சுட்டோடு 36. பத்து இலட்சம் பதிவுகளுக்கு 324 மெகாபைட் 36 ஆகிறது, பதிவுக்குப் பத்து ஆப்ஜெக்ட் என்பது ஒன்றாகிறது. 18 வகை வந்த கரைவலைப் பதிவுக்கு 88 பைட். காலிப் பதிவுகள் எல்லாம் நீளம் பூச்சியமான ஒரே அணியைப் பகிர்ந்துகொள்ளலாம். தேடல் நேர்வரிசையில் நடந்தாலும், இத்தனை சிறிய அணி பெரும்பாலும் புராசஸர் ஒரே தடவையில் எடுத்துவரும் 64 பைட் கேஷ் வரிகளுள் ஒன்றிலோ இரண்டிலோ அடங்கிவிடுவதால், கணுவுக்குக் கணு தாவும் ஹாஷ்மேப்பைவிட அது மந்தமாக இருக்கக் காரணமில்லை.

இதில் என்னைத் தயங்கவைப்பது 24 பிட் என்ற எல்லை. அதற்குள் அடங்கும் மிகப் பெரிய எடை 1,67,77,215 கிராம், அதாவது பதினாறே முக்கால் தொன். கண்ணாடியிழைப் படகுக்கு அது எட்டாத உயரம். பலநாள் கலத்துக்கும் ஒரே வகையில் அத்தனை வருவது அரிது. ஆனால் எடைப் பெட்டியில் ஒரு பூச்சியம் கூடுதலாகத் தட்டப்பட்டால், மிகுதி மேலே உள்ள மீன் எண்ணுக்குள் வழிந்து, சூரை பாரையாகிவிடும். எடை தவறாகப் பதிவானால் யாராவது கண்டுபிடிப்பார்கள். வகை மாறினால் கண்டுபிடிப்பது கடினம். எழுதும் இடத்தில் எல்லையைச் சோதித்து இதைத் தடுக்கலாம்தான், ஆயினும் எல்லா நுழைவாயில்களிலும் அந்தச் சோதனை என்றென்றும் மறக்கப்படாமல் இருக்குமென்று நம்ப எனக்கு மனமில்லை. மீன் எண் 127ஐத் தாண்டினால் இன்ட் எதிர்மறையாகிவிடும் என்பதையும், பிரித்தெடுக்கையில் குறியைப் பரப்பாத வலப்பெயர்ச்சியையே பயன்படுத்த வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது மாற்று அதே அடர்த்தியை இந்த ஆபத்தின்றித் தருகிறது. மீன் வகைகளுக்கு 0 முதல் 63 வரை நிலையான எண்கள் கொடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு பதிவிலும் 64 பிட் லாங் ஒன்று பிட்மேப்பாக இருக்கிறது; அந்தப் படகில் வந்த வகைகளின் பிட்டுகள் மட்டும் 1. எடைகள் மீன் எண்ணின் ஏறுவரிசையில், இடைவெளியின்றி, ஓர் இன்ட் அணியில் இருக்கின்றன. ஒரு வகையின் எடை வேண்டுமென்றால், அதன் பிட் 0 என்றால் அந்த மீன் வரவில்லை. 1 என்றால் அதற்குக் கீழேயுள்ள பிட்டுகளில் எத்தனை 1 இருக்கின்றன என்று எண்ணினால் அதுவே அணியில் அதன் இடம். பிட்டுகளை எண்ணும் வேலைக்கு ஜாவாவின் லாங் வகுப்பிலேயே பிட்கவுன்ட் உண்டு. இன்றைய புராசஸர்களில் அது ஒரே கட்டளையாக முடிகிறது. 2001இல் ஃபில் பாக்வெல் ஹாஷ் மரங்களின் கணுக்களுக்கு எழுதிய உத்தியும், கூகுளின் ஸ்பார்ஸ்ஹாஷ் நூலகம் காலி அறைகளின் விலையைச் சில பிட்டுகளாகச் சுருக்கிய உத்தியும் இதுவே. அங்கே ஹாஷ் எண்ணின் துண்டு அமரும் இடத்தில் இங்கே மீன் எண் அமர்வதால் மோதலே கிடையாது, ஹாஷ் செய்வதும் கிடையாது.

செலவு, பிட்மேப்புக்கு 8, அணிக்கு 32, சுட்டுக்கு 4, ஆக 44 பைட். பத்து இலட்சத்துக்கு 44 மெகாபைட். முந்தைய மாற்றைவிட 8 மெகாபைட் கூடுதல் கொடுத்து, எடைக்கு இன்ட்டின் முழு அகலத்தையும், 18 வகைகள் இருந்தாலும் மாறாத தேடல் நேரத்தையும் பெறுகிறோம். அறக்குளா வந்த பதிவுகளை மட்டும் எடு, சூரையும் பாரையும் சேர்ந்து வந்த நாள்களைக் காட்டு போன்ற கேள்விகளுக்கு எடை அணியைத் தொடாமலே பிட்மேப்பை மட்டும் பார்த்து விடை சொல்லலாம் என்பது வேண்டாமலே கிடைத்த நன்மை. அறிக்கையின் வரிசையும் எப்போதும் ஒன்றே. பாதகம் ஒன்றுண்டு: ஒருமுறை ஒரு வகைக்குக் கொடுத்த எண்ணைப் பின்னர் வேறு வகைக்குக் கொடுக்கவே கூடாது, வகைகள் 64ஐத் தாண்டவும் கூடாது. வழக்கத்திலில்லாத வகைகளுக்கு ‘மற்றவை’ என்ற ஒரே எண்ணை ஒதுக்குவது சந்தையில் ஏற்கெனவே உள்ள பழக்கத்துக்கும் ஒத்துப்போகும்.

சாவிகளின் எடை

இதுவரை சாவிகளின் பெயர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. தமிழில் எழுதும் நமக்கு அது தனியாகப் பேச வேண்டிய செலவு. ஜாவா 9 முதல் எழுத்துச் சரங்கள் இலத்தீன் எழுத்துகளாக மட்டும் இருந்தால் எழுத்துக்கு ஒரு பைட்டில் சுருக்கி வைக்கப்படுகின்றன. ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் சரம் முழுவதும் இரண்டு பைட் அலகுகளுக்கு மாறிவிடும். ‘அறக்குளா’ என்பதில் புள்ளியும் உயிர்க்குறிகளும் சேர்ந்து எட்டு அலகுகள், 16 பைட். அதைத் தாங்கும் அணிக்குத் தலையோடு 32, சரத்தின் ஆப்ஜெக்ட்டுக்கு 24, ஆக 56 பைட். கோப்பிலிருந்தோ தரவுத்தளத்திலிருந்தோ பதிவுகளை வாசிக்கையில் ஒவ்வொரு பதிவுக்கும் புதிய சரம் உருவாகிறதென்றால், நான்கு சாவிகளுக்கு இருநூறு பைட்டுக்கு அருகில் போய்விடும். பத்து இலட்சம் பதிவுகளுக்கு அட்டவணைகளின் செலவில் பாதிக்கு மேல் அதுவே. ஹாஷ்மேப்பை மாற்றாமலே, வாசிக்கும் இடத்தில் ஒரே பெயருக்கு ஒரே சரத்தைப் பகிரும்படி செய்தால் இந்தச் செலவு ஏறத்தாழ இல்லாமலாகிறது. வேறெதைச் செய்யாவிட்டாலும் இதை இன்றே செய்யலாம்.

தமிழ்ச் சாவிகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கொடுவா’ என்பதன் முதலெழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்ந்த இரண்டாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. ஹாஷ் அட்டவணைக்கு அவை இரண்டு வெவ்வேறு மீன்கள். ஒரு கைப்பேசியிலிருந்து ஒரு வடிவமும் இன்னொன்றிலிருந்து மற்ற வடிவமும் வந்தால் கொடுவாவின் மொத்தம் இரண்டாகப் பிரிந்து நிற்கும். பெயரை நுழைவாயிலிலேயே ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து எண்ணாக மாற்றிவிட்டால், உள்ளே எங்கும் சரங்களே இல்லை. எண்ணைச் சாவியாக வைக்கும் மாற்றுகளை நான் விரும்புவதற்கு நினைவகத்துக்கு அடுத்த காரணம் இது.

எதை எங்கே

கரைசேர்ந்து கணக்கு முடிந்த பதிவுகளுக்கு பிட்மேப்பும் இன்ட் அணியும் என்பதே என் தேர்வு. வரிசைகளை உருவாக்குவதும் தேடுவதும் ஒரே வகுப்பின் சில செயற்கூறுகளுக்குள் மறைந்திருக்க வேண்டும். அணி வெளியே போகக் கூடாது, ஏனெனில் ஜாவாவில் அணியை எவரும் மாற்றிவிடலாம். அந்தச் செயற்கூறுகளுக்காக ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு மேலுறை ஆப்ஜெக்ட்டை நிரந்தரமாக வைத்தால் 24 பைட் திரும்பிவந்துவிடும். லாங்கும் சுட்டும் பதிவின் புலங்களாகவே இருக்கட்டும். பழைய பதிவில் திருத்தம் வந்தால் புதிய அணியை உருவாக்கிச் சுட்டை மாற்றினால் போதும்.

ஆனால் படகிலிருந்து பெட்டிகள் இறங்கி, தராசில் ஒவ்வொன்றாக நிறுக்கப்பட்டு, ஒரே வகை இரண்டு மூன்று முறை கூட்டப்படும் அந்த நேரத்தில் அட்டவணை ஹாஷ்மேப்பாகவே இருக்கலாம். அப்போது உயிரோடிருப்பவை சில நூறு மட்டுமே; அவற்றுக்காக நிரலைச் சிக்கலாக்குவது வீண். பதிவு மூடப்படும் கணத்தில் அடர்த்தியான வடிவத்துக்கு மாற்றினால் போதும். அதுபோலவே, மாவட்டத்தின் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளின் பெயர்களை எண்களோடு இணைக்கும் அட்டவணைக்கு மோதலற்ற ஹாஷ் செயற்கூறு ஒன்றை ஜிபெர்ஃப் போன்ற கருவியால் உருவாக்கலாம் என்று யாராவது சொன்னால், செய்து பார்ப்பதில் மகிழ்ச்சி உண்டு, மிச்சம் இல்லை. அந்த அட்டவணை மென்பொருள் முழுவதிலும் ஒன்றே ஒன்று.

வகைகள் 64ஐத் தாண்டும் சங்கங்களும் ஒரே நிரலைப் பயன்படுத்த வேண்டியிருந்தால், பிட்மேப்பை இரண்டு லாங்காக்குவதைவிட, ஏறுவரிசையில் மீன் எண்களின் ஷார்ட் (16 பிட் எண்) அணியும் அதற்கிணையான எடைகளின் இன்ட் அணியும் வைப்பது எளிது. நான்கு சோடிகளுக்கு 24, 32, சுட்டுகளுக்கு 8 என 64 பைட். வகைகளுக்கு எல்லை இல்லை, எடைக்கும் நெருக்கடி இல்லை. வெளியிலிருந்து வரும் தரவு ஒரே பதிவில் ஆயிரக்கணக்கான சோடிகளைத் திணிக்க முடியாதபடி உச்ச எண்ணிக்கை ஒன்றை அங்கே விதித்தாக வேண்டும், இல்லையென்றால் நேர்வரிசைத் தேடல் சேவையகத்தைத் திணறடிக்கும். பிட்மேப் வடிவத்தில் 64 என்ற எல்லையே அந்தக் காவலைச் செய்துவிடுகிறது.

இங்குள்ள பைட் கணக்குகள் ஹாட்ஸ்பாட்டுக்கு உரியவை. ஆண்ட்ராய்டில் ஆப்ஜெக்ட் தலைப்பகுதி சிறியது. அங்கே ஹாஷ் எண்களை வரிசைப்படுத்திய ஓர் அணியிலும் சாவி, பெறுமானங்களை இன்னோர் அணியிலும் வைக்கும் அரேமேப் ஏற்கெனவே இயங்குதளத்தோடு வருகிறது. தரையிறங்கு துறைகளில் பயன்படும் கைப்பேசி மென்பொருள் அன்றைய பதிவுகளை மட்டுமே வைத்திருக்குமானால் அதையே எடுத்துக்கொள்ளலாம். சேவையகத்தில் எதையும் மாற்றுமுன் ஓப்பன்ஜேடிகே திட்டத்தின் ஜேஓஎல் கருவியைக் கொண்டு ஒரு காலி, ஒரு நான்கு வகை, ஒரு கரைவலைப் பதிவு ஆகிய மூன்றையும் உங்கள் ஜேவிஎம்மிலேயே அளந்துகொள்ளுங்கள். 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஹீப்பில் (ஆப்ஜெக்ட்டுகள் வாழும் நினைவகப் பகுதியில்) சுட்டுகள் சுருக்கப்படாததால், மேலே உள்ள ஹாஷ்மேப் எண்கள் அங்கே இன்னும் பெருகும்.